விலை உயர்ந்த மடக்குக் கத்தி: வாங்கலாமா, வேண்டாமா?

கடைக்கு ஒரு தராசு வாங்கினால் பத்து இடத்தில் விசாரிக்கிறோம். குளிர்ப்பெட்டி வாங்கினால் மின் கட்டணம் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுகிறோம். கத்தி விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் இரண்டு விதமாகத் தவறுகிறோம். ஒன்று, கையில் கிடைத்த மலிவுக் கத்தியை வாங்கி ஆறு மாதத்தில் தூக்கி எறிகிறோம். அல்லது, வளைகுடாவிலிருந்து வந்த உறவினர் கையில் பளபளவென்று ஒரு மடக்குக் கத்தியைக் கண்டதும், ஆயிரக்கணக்கில் கொடுத்து அதே போல ஒன்று வாங்க ஆசைப்படுகிறோம். வாங்கலாமா, வேண்டாமா என்பதை வியாபாரிக்கே உரிய முறையில், கணக்கோடு முடிவு செய்வது எப்படி? திருநெல்வேலி மாவட்டத்துக் கடலோர ஊரான உவரியையும் அதன் சுற்றுப்புறத்தையும் மனத்தில் கொண்டு இங்கே பார்ப்போம்.

நமக்கு உள்ள வேலை என்ன?

விலையைக் கேட்பதற்கு முன் வேலையைக் கேட்க வேண்டும். மளிகைக் கடையில் கத்திக்கு உள்ள வேலை மூட்டை வாய்த் தையலைப் பிரிப்பது, சணலும் நைலான் கயிறும் அறுப்பது, அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவைக் கிழிப்பது ஆகியவைதான். இதற்கு மடக்குக் கத்தியே தேவையில்லை. மேசையோரம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட ஒரு சாதாரணக் கத்தி போதும்.

வெளி வேலை வேறு. கருவாடு கொள்முதலுக்குக் கரைக்குப் போகிறோம். கருப்பட்டி எடுக்கத் தேரிப் பக்கம் போகிறோம். திசையன்விளைச் சந்தைக்குச் சரக்கு வண்டியில் போகிறோம். வழியில் தார்ப்பாய்க் கயிறு முடிச்சு இறுகும். ஓலைப்பெட்டியின் கட்டைப் பிரித்துச் சரக்கின் தரம் பார்க்க வேண்டிவரும். சட்டைப் பையில் பாதுகாப்பாக வைத்துக்கொள்ளக் கூடிய கத்தி இங்கேதான் உதவுகிறது. மடக்குக் கத்தியின் பெரிய குணமே அதுதான்: விளிம்பு உள்ளே போய்விடுவதால் பையையும் கிழிக்காது, தொடையையும் கிழிக்காது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கடற்கரையில் கத்தியை நம்பியே பிழைக்கிறவர்கள் இரண்டு தொழில்காரர்கள். ஒருவர் மீனவர், மற்றவர் பனையேறுபவர். இருவர் தொழிலுக்கும் மடக்குக் கத்தி ஒத்துவராது. வலைக் கயிறு சிக்கிக்கொண்டால் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் உடனே அறுக்க வேண்டும். ஈர விரலால் கத்தியை விரித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. பனையேறுபவரின் பாளை அரிவாளும் மடங்காதது. இடுப்பில் கட்டிய பெட்டியில் அது போகிறது. மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் மூட்டு. மூட்டுக்குள் மணலும் உப்பும் புகுந்தால் கத்தி திறக்காது, அல்லது பாதியில் நின்றுவிடும். விலை கூடினாலும் மூட்டு மூட்டுதான். ஆகவே, தினமும் கடல் தண்ணீரில் நனையும் வேலை நம்முடையது என்றால், விலை உயர்ந்த மடக்குக் கத்தியை விட உறையோடு கூடிய மடங்காத சிறு கத்தியே சிறந்தது. முதல் கேள்விக்கு இதுவே பதில்.

எஃகில் இருக்கிறது சூட்சுமம்

கத்தியின் விலையில் ஒரு பங்கு எஃகுக்குப் போகிறது. எஃகு இரண்டு வகை. ஒன்று கார்பன் எஃகு. நம் பட்டறைகளில் அடிக்கும் அரிவாளெல்லாம் இந்த வகைதான். கூர் நன்றாக ஏறும், தீட்டுவதும் சுலபம். ஆனால் உப்புக் காற்று பட்டால் ஒரே இரவில் துரு பிடிக்கும். மற்றொன்று துருப்பிடிக்காத எஃகு, அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ற எஃகைத் தேடும்போது இதைக் கண்டார். அது முதலில் நன்கு பயன்பட்டதே கத்திகளுக்குத்தான். எஃகில் குரோமியம் சுமார் 10.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால், மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகித் துருவைத் தடுக்கிறது.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. துருப்பிடிக்காத எஃகு என்றால் துருவே பிடிக்காது என்று பொருளல்ல. கடல் உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். உவரியில் கடையின் இரும்புக் கதவு என்ன பாடு படுகிறது என்று பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று, சமையல் பாத்திரத்துக்குப் பயன்படும் எஃகு துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினப்படுத்த முடியாது. அந்த வகையில் செய்த மலிவுக் கத்தி, நாலு மூட்டை பிரிப்பதற்குள் மழுங்கிவிடும். ஆகவே 'ஸ்டெயின்லெஸ்' என்று முத்திரை இருந்தால் மட்டும் போதாது. கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். நல்ல சட்டைப்பைக் கத்திகள் பெரும்பாலும் 55 முதல் 58 வரை இருக்கும். அதற்கு மிகவும் மேலே போனால் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் சாதாரணச் சாணைக்கல்லில் தீட்டுவது கடினம், விளிம்பு உடையவும் கூடும்.

கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எஃகில் கடல் வேலைக்கென்றே கத்திகள் வருகின்றன. உப்புத் தண்ணீரை அவை மிக நன்றாகத் தாங்கும். விலை அதிகம்தான். ஆனால் கூடுதல் விலைக்குக் கூடுதல் பயன் உண்மையிலேயே கிடைக்கும் இடம் அது ஒன்று.

பூட்டு இருக்கிறதா?

மடக்குக் கத்தியால் வரும் காயத்துக்குப் பெரும்பாலும் காரணம், அழுத்தும்போது அது விரல் மேல் மடங்கிக்கொள்வதுதான். வெறும் வில்லை மட்டும் நம்பி நிற்கும் பேனாக்கத்தி ஆப்பிள் நறுக்கத் தகும். இறுகிய நைலான் கயிறு அறுக்கத் தகாது. வெளி வேலைக்குப் பூட்டு உள்ள கத்தியே வேண்டும். பிடியின் முதுகில் அழுத்தித் திறக்கும் பூட்டு, உள்ளே தகடு வந்து தாங்கும் பூட்டு, வளையத்தைத் திருப்பும் பூட்டு என்று பல வகை உண்டு. பிரான்சின் சவாய் மலைப் பகுதியில் ஜோசப் ஒபினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்திக்கு 1955இல் சேர்க்கப்பட்ட வளையப் பூட்டு இன்றும் இருக்கிறது. மணல் புகுந்தாலும் கழுவிவிடக் கூடிய எளிய அமைப்பு அது.

இன்னொரு விஷயமும் இதிலிருந்து தெரிகிறது. ஒபினெல் கத்தி உழவர்களுக்காகச் செய்யப்பட்டது. சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891இல் தம் நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி வழங்கினார். இன்று உலகப் புகழ் பெற்ற இரண்டு கத்திகளும் வேலைக்காரர் கைக்கென்று பிறந்தவை. வேலைக்கு ஏற்ற கத்தி என்பதற்கு அளவுகோல் விலை அல்ல என்பதற்கு இதை விடச் சான்று வேண்டியதில்லை.

இனி கணக்கு

மூன்று கத்திகளை எடுத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்குச் சொல்பவை. அவரவர் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

மலிவுக் கத்தி ரூ.150, ஆறு மாதம் உழைக்கிறது. வருடச் செலவு ரூ.300.

நடுத்தரக் கத்தி ரூ.600, நான்கு வருடம் உழைக்கிறது. வருடச் செலவு ரூ.150.

உயர்ந்த கத்தி ரூ.3,000, பத்து வருடம் உழைக்கிறது. வருடச் செலவு ரூ.300. அதோடு 12 சதவீத வட்டி போட்டால் முதல் வருடத்தில் மட்டும் ரூ.360 முடங்கிய முதலின் விலை.

ஆக, நடுத்தரக் கத்தியே ஜெயிக்கிறது. இதில் ஒரு முக்கியச் செலவை நாம் சேர்க்கவில்லை. அது தொலைந்து போவது. வெளியே கொண்டுபோகும் கத்தி தேய்ந்து போவதை விடத் தொலைந்து போவதே அதிகம். ரூ.3,000 கத்தி இரண்டாம் வருட முடிவில் கரையில் விழுந்து மணலில் புதைந்தால், வருடச் செலவு ரூ.1,500 ஆகிவிடும். சர்க்கரையில் கிலோவுக்கு ரூ.1 நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ரூ.3,000 சம்பாதிக்க 50 கிலோ மூட்டை 60 விற்க வேண்டும். கையில் இருக்கும் கத்தியைப் பார்க்கும்போது அந்த 60 மூட்டையும் கண் முன் வர வேண்டும்.

வரியையும் மறக்கக் கூடாது. 2022 ஜூலை 18 முதல் கத்திகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. வாங்கும் நாளில் உள்ள வீதத்தைப் பில்லில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடைத் தொழிலுக்காகப் பில்லோடு வாங்கினால், முறையான பதிவு உள்ளவர்கள் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ளலாம். தொகுப்பு வரித் திட்டத்தில் உள்ளவர்களுக்கு அது கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமென்று செய்யப்பட்ட கருவிகளை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கருதுவதில்லை. ஆனால் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்று செய்யப்படாதவையாக இருந்தால், ஆயுதப் பட்டியலில் வருகின்றன. பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் கத்தியை வாங்கவே வேண்டாம். டில்லி நிர்வாகம் 1980இல் வெளியிட்ட அறிவிக்கையில் 7.62 சென்டிமீட்டர், அதாவது 3 அங்குல நீளமுள்ள பொத்தான் கத்தியே தண்டனைக்கு உரியதாயிற்று. கொள்முதலுக்கு வட நாடு போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்கக் கூடாது.

நம் மாவட்டத்திலும் எச்சரிக்கை தேவை. தென் மாவட்டங்களில் நடந்த கொலைகளைத் தொடர்ந்து 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, அரிவாள், கத்தி செய்வோரும் விற்போரும் வாங்குபவரின் பெயர், முகவரி, காரணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அறிவுறுத்தியது. அந்தோணியார் கோவில் திருவிழாவுக்கும், சுயம்புலிங்க சுவாமி கோவில் விசாகத்துக்கும் கூட்டம் கூடும் நாளில், வேலையில்லாமல் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பது வீண் வம்பு. அன்று அது கடையிலேயே இருக்கட்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. விரித்துப் பூட்டியபின் அலகை மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருக்கக் கூடாது.

2. மடக்கும்போது விளிம்பு பிடியின் நடுவில் இறங்க வேண்டும். பக்கச் சுவரில் உரசக் கூடாது.

3. ஈரக் கையால் பிடித்துப் பாருங்கள். வழுக்கும் பளபளப்புப் பிடி வேண்டாம்.

4. அலகு 3 அங்குலம் இருந்தால் நம் வெளி வேலைக்குப் போதும்.

5. வெளிநாட்டுச் சரக்கானால், உறை மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாமல் பெரிய கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் போலி என்று சந்தேகப்படுங்கள்.

6. பில் வாங்குங்கள். உத்தரவாதம் என்பது பில் இருந்தால்தான்.

வாங்கியபின் காப்பது எப்படி?

கரைக்குப் போய் வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, விரித்து வைத்து உலர்த்த வேண்டும். மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மணலைப் பிடித்துக்கொள்ளும். பழம் நறுக்கும் கத்தியானால் அலகில் மட்டும் அதைத் தடவலாம். தெருவில் வரும் சக்கரச் சாணையில் விலை உயர்ந்த கத்தியைக் கொடுக்காதீர்கள். சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போய்விடும். தண்ணீர் விட்டுத் தேய்க்கும் கல்லில் மாதம் ஒரு முறை மெதுவாகத் தீட்டினால் நடுத்தரக் கத்தியும் உயர்ந்த கத்திக்குச் சமமாக அறுக்கும்.

கடையில் வைத்து விற்கலாமா என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விலை உயர்ந்த கத்தி மெதுவாக நகரும் சரக்கு. உப்புக் காற்றில் அலமாரியிலேயே புள்ளி விழும். ஒன்றிரண்டுக்கு மேல் வாங்கி முதலை முடக்க வேண்டாம். முகம் தெரியாத இளைஞர்களுக்கு விற்கவும் வேண்டாம்.

முடிவு

நம்மில் பெரும்பாலோருக்கு மேசையோரம் ஒரு சாதாரணக் கத்தியும், வெளி வேலைக்குப் பூட்டுள்ள நடுத்தர விலை மடக்குக் கத்தி ஒன்றும் போதும். வாரத்தில் பாதி நாள் கரையிலும் வண்டியிலும் கழிப்பவர், பொருளைத் தொலைக்காத பழக்கம் உள்ளவர், தினமும் கழுவித் துடைக்கும் பொறுமை உள்ளவர் என்ற மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், அவர் உயர்ந்த கத்தி வாங்குவதில் தவறில்லை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பணம் சரக்கில் இருப்பதே நல்லது. ஆசைக்காக வாங்குவதும் தவறல்ல. ஆனால் அதைக் கடைச் செலவில் எழுதாமல் சொந்தச் செலவில் எழுதுவதுதான் வியாபாரிக்கு அழகு.