கண்ணா வேர் ஏன் மேலே வளர்கிறது?

மட்டக்களப்பு வாவிக் கரையில் நடக்கும்போது பிள்ளைகள் கேட்பார்கள்: கண்ணா மரத்தடியில் பென்சில்போல நிமிர்ந்து நிற்பவை என்ன?

வேர்கள்தான். சேற்றிலுள்ள ஒட்சிசனை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. ஒட்சிசன் இல்லாமலே வாழும் வேறு நுண்ணுயிர்கள் ஐதரசன் சல்பைட்டை வெளிவிடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதுதான். மூச்சுவிட மரம் வேரை வெளியே அனுப்புகிறது. குனிந்து பாருங்கள்: வேரின் தோலெங்கும் நுண்ணிய துளைகள். வற்று நேரத்தில் அவற்றால் புகும் காற்று, உள்ளிருக்கும் வெற்றிடங்கள் வழியே புதைந்த வேருக்கு இறங்குகிறது.

பக்கத்தில் பெரிய ஒற்றைக் கொடுக்கை ஆட்டுவது ஆண் நண்டு; பெண்ணை அழைக்கிறது. அதன் வளைகளும் சேற்றுக்குள் காற்றைக் கொண்டுபோகின்றன. எவ்வளவு அழகான ஏற்பாடு!

வேர்களை மிதிக்காமல் நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.