தோணி அழிந்தது, கல் எஞ்சியது

ஆதிமனிதன் கடலேறிய வரலாற்றை ஆராய்வோருக்கு முதலில் எதிர்ப்படும் இடர், அவன் ஏறிய கலங்கள் எஞ்சாமையே. மரமும் நாணலும் தோலும் மண்ணோடு மண்ணாகிவிடுகின்றன.

1955ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டின் பெஸ்ஸே என்னும் ஊருக்கருகே நெடுஞ்சாலை அமைப்பதற்காகச் சதுப்பு நிலத்தை அகழ்ந்தபோது, ஏறத்தாழ 3 மீற்றர் நீளமான, குடையப்பெற்ற பைன் மரமொன்று வெளிப்பட்டது. கரிக் காலக்கணிப்பு அதன் வயது ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் எனக் காட்டிற்று. அது தோணியன்று, தொட்டியே என்றனர் சிலர். 2001இல் அதைப்போன்ற மற்றொன்றைக் குடைந்து நீரில் விட்டுத் துடுப்பு வலித்தனர். அது செவ்வனே சென்றது. நாம் அறிந்த தோணிகளுள் மிகத் தொன்மையானது இதுவே.

ஆயின், கடற்பயணமும் அக்காலத்தேதான் தொடங்கிற்றோ? கிரேக்க நாட்டுப் பிராங்தி குகையில், இத்தோணியினும் முற்பட்ட மண்ணடுக்குகளில், கருநிற எரிமலைக் கண்ணாடிக் கற்கள் கிடைத்தன. அவை மீலொஸ் தீவுக்குரியவை என்பதை இரசாயன ஆய்வு உணர்த்திற்று. கடல் மட்டம் தாழ்ந்திருந்த அந்நாளிலும் மீலொஸ் தீவாகவே இருந்தது. எனவே, கடலைக் கடந்தே அக்கற்களை மனிதன் கொணர்ந்திருத்தல் வேண்டும்.

பனியுகத்தில் நம் இலங்கை இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது. இங்கே மனிதர் நடந்தே வந்திருக்கலாம். அவுஸ்திரேலியாவுக்கோ ஆசியாவிலிருந்து அத்தகைய நிலவழி இருந்ததில்லை. எனினும் 50,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு மாந்தர் வாழ்ந்தனர் என்பர் ஆய்வாளர் பலர். அவர்களைச் சுமந்த கலத்தின் சிராய் ஒன்றேனும் கிட்டவில்லை.

ஆதலின், பெஸ்ஸேத் தோணியைக் கடலோடலின் தொடக்கமெனக் கொள்ளலாகாது. எஞ்சியவற்றுள் அது முந்தியது, அவ்வளவே.