மறைக்காட்டு உப்புக்காற்றும் மடிக்கணினியும்

லேப்டாப் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் சொல்வது பிராசஸரின் பெயர். ஐ-5 என்பார், 16 ஜிபி என்பார், கீபோர்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார். சென்னைக்கும் கோவைக்கும் அந்த வரிசை பொருந்தலாம். மறைக்காடு என்ற வேதாரண்யத்தில் அதைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். பிராசஸர் பழசாகி லேப்டாப் ஓய்வு பெறுவதற்கு முன்னால், சார்ஜர் செருகும் துளை பச்சை பூத்து அதற்கு ஓய்வு கொடுத்துவிடக்கூடிய ஊர் இது.

கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, நடுவில் அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடிநெல்வயல் என்று விரியும் உப்பளங்கள். ராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிச் சட்டத்தை மீறியது இங்கேதான். அந்த உப்பு தரையில் மட்டும் இருப்பதில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூளாக வீட்டுக்குள் வருகின்றன. சைக்கிள் செயினும் கதவுத் தாழ்ப்பாளும் என்ன பாடு படுகின்றன என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். லேப்டாப்பின் உள்ளே நடப்பதும் அதேதான். ஆனால் அங்கே மின்சாரமும் சேர்ந்துகொள்கிறது.

சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்து நீராகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம். 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கும். ஆகவே மதர்போர்டில் படிந்த உப்பு கடலோர இரவுகளில் மெல்லிய உப்புநீர்ப் படலமாகக் கிடக்கும். அந்தப் படலத்தின் இரு பக்கமும் மின்னழுத்தம் இருந்தால், நேர்முனையில் உள்ள உலோகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எதிர்முனையில் படிந்து, அங்கிருந்து நேர்முனையை நோக்கி மரக்கிளை போல வளரும். இரண்டும் தொட்டுக்கொண்டால் ஷார்ட்.

இதில் முதலில் அடிபடுவது வெளிக்காற்றுக்குத் திறந்து கிடக்கும் போர்ட்டுகள். பழைய செவ்வக யூஎஸ்பியில் நான்கே தகடுகள், நல்ல இடைவெளி. இன்றைய டைப்-சியில் 24 முனைகள். ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு அரை மில்லிமீட்டர். அதிலும் 20 வோல்ட் வரை ஏறக்கூடிய மின்முனைக்கு அடுத்த வீட்டிலேயே, சார்ஜரோடு பேசும் மென்மையான சிக்னல் முனை குடியிருக்கிறது. உப்பு நடுவில் பாலம் போட்டால் அந்தச் சிக்னலுக்குப் பின்னால் இருக்கும் சில்லு கருகலாம். ஈரக் கையோடு கேபிளைச் செருகாதீர்கள் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது காற்றாடி. வெப்பத்தை வெளியேற்ற உள்ளே வெளிக்காற்றை இழுக்கும் காற்றாடி, அதோடு உப்பையும் இழுக்கிறது. காற்றாடியே இல்லாத லேப்டாப்களும் இருக்கின்றன. 2020 முதல் வரும் ஆப்பிள் சில்லு மேக்புக் ஏர், குறைந்த மின்சாரத்தில் ஓடும் சில சிறிய விண்டோஸ் லேப்டாப்கள், குரோம்புக்குகள். வேறு ஊரில் இது அமைதிக்காகக் கொடுக்கும் காசு. இங்கே ஆயுளுக்காக. வீடியோ எடிட்டிங், பெரிய விளையாட்டுகள் வேண்டாதவர் இதை நிச்சயம் யோசிக்கலாம்.

ஒரு வினோதம்: தினமும் ஓடும் லேப்டாப்பைவிட, பத்திரமாக இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்தது சீக்கிரம் அரித்துப்போகலாம். ஓடும்போது உள்ளே இருக்கும் சூடு மதர்போர்டை உலர்த்திவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடிக் கிடப்பதற்கு அந்தப் பாக்கியம் கிடையாது. கல்லூரி விடுமுறையிலும் வாரம் இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள்.

விளம்பரத்தில் "ராணுவத் தரம், மில்-எஸ்டிடி-810எச்" என்று பார்த்து மயங்க வேண்டாம். அது ஒரே சோதனை அல்ல. கிட்டத்தட்ட 30 சோதனை முறைகளின் தொகுப்பு. எவற்றைச் செய்வது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். கீழே போட்டுப் பார்ப்பதும் வெயிலில் வைத்துப் பார்ப்பதும் செய்துவிட்டு முத்திரை குத்திக்கொள்ளலாம். உப்புமூட்டச் சோதனைக்கு அதில் தனி எண் உண்டு: 509. அது செய்யப்பட்டதா என்று கேளுங்கள். பெரும்பாலும் கடைக்காரர் உங்களை முறைப்பார்.

இனி இணைப்புத் தரங்கள். இதில்தான் குழப்பம் அதிகம், ஏமாற்றும் அதிகம். யூஎஸ்பி 1996-ல் பிறந்தது. அதை வடிவமைத்த இன்டெல் குழுவில் முன்னின்றவர் வதோதராவில் படித்த அஜய் பட். 2000-ல் வந்த யூஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட். 2008-ல் வந்த 3.0 நொடிக்கு 5 ஜிகாபிட். இதுவரை ஒழுங்கு. பிறகு தரத்தை வகுக்கும் அமைப்பு அதே 3.0-வுக்கு 3.1 ஜென் 1 என்று பெயர் மாற்றியது, அப்புறம் 3.2 ஜென் 1 என்று இன்னொரு முறை. பெட்டியில் "யூஎஸ்பி 3.2" என்று பெரிதாக அச்சடித்திருந்தால் அது 2008-ன் வேகமாகவே இருக்கலாம். பெயரை விட்டுவிடுங்கள். 5, 10, 20, 40 என்று ஜிகாபிட் எண்ணைக் கேளுங்கள்.

டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும், 2014-ல் வந்தது. அதன் வழியே என்ன போகும் என்பது வேறு விஷயம். ஒன்றில் ஃபைல் மட்டும் போகும். ஒன்றில் சார்ஜும் ஏறும். இன்னொன்றில் திரையையும் இணைக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றே. அப்பர் பாடித் திறந்து சம்பந்தர் பாடி அடைத்த கதவு இருக்கும் ஊரில் இதைப் புரியவைப்பது எளிது: டைப்-சியும் முறையாகக் கேட்டால்தான் திறக்கும். சார்ஜரைச் செருகியதும் முதலில் வருவது 5 வோல்ட் மட்டுமே. லேப்டாப் "எனக்கு 20 வோல்ட் வேண்டும்" என்று கேட்கும். சார்ஜர் "என்னால் முடியும்" என்று ஒப்புக்கொள்ளும். அப்புறம்தான் மின்னழுத்தம் ஏறும். இந்தப் பேச்சுவார்த்தைக்குப் பெயர் பவர் டெலிவரி. 3 ஆம்பியர் வரை எந்த முறையான கேபிளும் தாங்கும், அதாவது 60 வாட். அதற்கு மேல் போக கேபிளின் தலைக்குள்ளேயே ஒரு சில்லு இருந்து "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சாட்சி சொல்ல வேண்டும். 60 வாட்டுக்கு மேல் கேட்கும் லேப்டாப் போனோடு வந்த ஒல்லிக் கேபிளில் மெதுவாக ஏறுவது இதனால்தான்.

ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் 28 முதல் லேப்டாப்களுக்கும் டைப்-சி சார்ஜிங்கைக் கட்டாயமாக்குகிறது. நம் கடைகளில் இன்னும் கம்பெனிக்கு ஒரு உருளை முனை சார்ஜர் வரும். வேதாரண்யத்துக்காரர் டைப்-சியில் சார்ஜ் ஏறும் லேப்டாப்பை வாங்குவதற்கு ஐரோப்பாவைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு: கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே அந்தப் புயல் கரையேறியபோது காவிரி டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் வர வாரக்கணக்கானது. ஜெனரேட்டர் இருந்த இடத்தில் போனை நீட்டி நின்ற வரிசைகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நாளில் உருளை முனை சார்ஜர் வெறும் எடை. டைப்-சி என்றால் பவர் டெலிவரி உள்ள பவர் பேங்க், கார் சார்ஜர், பக்கத்து வீட்டுச் சார்ஜர் எதுவும் உதவும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. மாற்றத்தில் கொஞ்சம் போனாலும் 60 தேறும். சாதாரண லேப்டாப் பேட்டரி 42 வாட்-மணி. ஒரு முறை முழுதாக நிரப்பலாம். எழுதுவது, படிப்பது மாதிரி வேலைக்கு 8 முதல் 10 வாட் செலவு என்றால் இரண்டும் சேர்ந்து ஒரு முழு வேலைநாள். ஆனால் பவர் பேங்கில் பவர் டெலிவரி, 45 வாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சாதாரண நாட்களில் பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதியைப் போட்டு வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் அதை நீக்கி முழுக்க ஏற்றுங்கள்.

சார்ஜரில் ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவெண்ணும் பி.ஐ.எஸ். முத்திரையும் இல்லாவிட்டால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். உலோக உடல் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொடும்போது விர்ரென்று ஒரு கூச்சம் வருகிறதா? இரண்டு முனைச் சார்ஜரின் வடிகட்டி மின்தேக்கி வழியே கசியும் துளி மின்சாரம் அது. மூன்று முனைச் சார்ஜரும் நல்ல எர்த்தும் இருந்தால் போய்விடும். உவர் மண் எர்த்துக்கு நன்றாக மின்சாரம் கடத்தும். புதைத்த குழாயையும் அதே வேகத்தில் தின்னும். வயரிங் பார்ப்பவரை அழைத்து எர்த்தைச் சோதிப்பது லேப்டாப்புக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கே நல்லது.

இப்போது ஸ்டிக்கருக்கு வரலாம். ஏஎம்டியின் 7000 வரிசையில் பெயரைப் படிக்க ஒரு சூட்சுமம்: மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். ரைசன் 5 7520யு என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530யு என்றால் ஜென் 3. பத்து எண் வித்தியாசம், ஒரு தலைமுறை இடைவெளி. அதோடு 7520யு, 7320யு இரண்டும் மதர்போர்டில் ஒட்டிவிட்ட ராமோடு மட்டுமே வேலை செய்பவை. 8 ஜிபி வாங்கினால் ஆயுசுக்கும் 8 ஜிபி. இன்டெலில் ஐ-3 என்ற பெயருக்குப் பின்னால் என் என்ற எழுத்து வந்தால் (ஐ-3 என்305 மாதிரி) சிக்கன கோர்கள் மட்டும் உள்ள சில்லு. தட்டச்சுக்கும் இணைய வகுப்புக்கும் போதும், பொறியியல் மாணவருக்குப் போதாது.

கல்லூரி மாணவர்களுக்கு 2026 தொடக்கத்தில் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய லேப்டாப்களில் 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் இருக்கின்றன. இன்று காசு கொடுத்து வாங்குபவர் அதைக் கீழ்வரம்பாக வைத்துக்கொள்ளலாம். 256 என்று சொன்னதில் விண்டோஸ் 238 என்று காட்டினால் யாரும் திருடவில்லை. தயாரிப்பவர் ஆயிரங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-களில் எண்ணுகிறது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறினால் மலைக்கும் மடுவுக்குமான வேகம். ஒரு எஸ்எஸ்டிக்கும் அதைவிட வேகமான எஸ்எஸ்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றாட வேலையில் கண்டுபிடிக்கவே முடியாது. எஸ்எஸ்டிக்குப் பதிலாக இஎம்எம்சி 64 ஜிபி என்று எழுதியிருப்பதை மட்டும் தொடாதீர்கள். திரையின் பிரகாசம் 300 நிட்ஸ் இருந்தால் திண்ணை வெளிச்சத்திலும் படிக்கலாம். வைஃபை 6 தாராளம். 7-க்கு அதிகப் பணம் வேண்டாம். தடித்த சுவர் வீடுகளில் வைஃபையின் 5 ஜிகாஹெர்ட்ஸ் தடுமாறும், 2.4 ஊடுருவும். எச்டிஎம்ஐ போர்ட் தனியாக இருப்பது நல்லது. பள்ளிப் புரொஜெக்டரில் இணைக்க அடாப்டர் தேட வேண்டியதில்லை.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தவை இன்னும் பல வீடுகளில் இருக்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதற்காக அந்தப் பழைய லேப்டாப்களைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ வேறு இலகுவான லினக்ஸோ போட்டு, ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் தம்பி தங்கைகள் தட்டச்சுப் பழகலாம். பழைய லேப்டாப்களில் ராமும் டிஸ்க்கும் ஸ்க்ரூவைக் கழற்றினால் கையில் வந்துவிடும் என்பது இன்று விலை கொடுத்தாலும் எளிதில் கிடைக்காத நன்மை.

வாரண்டியில் "ஆன்-சைட்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ பெட்டியைச் சுமக்க நேரலாம். ஆன்-சைட் என்றாலும் 614810 என்ற பின்கோடை அவர்களுடைய இணையதளத்தில் போட்டுச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். திரவம் பட்டதையும் துருவையும் பெரும்பாலான வாரண்டிகள் ஏற்பதில்லை. விபத்துப் பாதுகாப்பு என்று தனியாக விற்பதில் திரவச் சேதம் உண்டா என்று எழுத்தில் படியுங்கள்.

கடல்நீரோ மழைநீரோ பட்டுவிட்டால் உடனே அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள். டெல்டாக்காரர்களின் கை அரிசி மூட்டைக்குப் போகும், போக விடாதீர்கள். அரிசி ஈரத்தைப் பெரிதாக இழுப்பதில்லை, தவிட்டுத் தூள் உள்ளே போவதுதான் மிச்சம். கடல்நீர் என்றால் உலர்த்துவதே தவறு. உப்பு உள்ளேயே தங்கிவிடும். பேட்டரியைக் கழற்றி, மதர்போர்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவத் தெரிந்த மெக்கானிக்கிடம் அன்றைக்கே கொண்டுபோங்கள். போர்டு பிழைக்காவிட்டாலும், கழற்றக்கூடிய எஸ்எஸ்டியாக இருந்தால் அதை யூஎஸ்பி உறையில் போட்டு உள்ளே இருப்பதை மீட்கலாம். ஆனால் விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டி வைக்கிறது. அந்தப் பூட்டுக்கு 48 இலக்கத்தில் ஒரு மீட்புச் சாவி உண்டு. வாங்கிய அன்றே அதைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் கவரில் வைத்துவிடுங்கள்.