நாயின் கண் வெளுத்தால்

வீட்டைக் காக்கும் நாயின் கண்ணில் வெள்ளை தெரிகிறதா? கவனியுங்கள்.

வயதான நாய்க்குக் கண்ணின் நடுவே நீலம் கலந்த மங்கல் வரும். ஏழெட்டு வயதுக்கு மேல் இது இயல்பு. வலி இருக்காது. பார்வையும் அதிகம் குறையாது.

பால் போல் வெளுத்திருந்தால் புரையாக இருக்கலாம். சொட்டு மருந்தால் புரை கரையாது. அறுவைச் சிகிச்சைதான் வழி.

திடீரென்று கண் வெளுத்தால் ஆபத்து. முள் குத்தியிருக்கலாம். பூனை கீறியிருக்கலாம். கண் சிவக்கும். நீர் வடியும். நாய் கண்ணை இடுக்கும். விழியில் புண் இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தாமதித்தால் பார்வை போய்விடலாம்.

அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்? கொதித்து ஆறிய நீரில் சுத்தமான துணியை நனையுங்கள். கண்ணோரத்துப் பீளையை மெல்லத் துடையுங்கள். விழியைத் தொடாதீர்கள். நாய் காலால் கண்ணைத் தேய்க்க விடாதீர்கள்.

உப்பு, பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விடக் கூடாது. புண் அதிகமாகும். வீட்டில் கிடக்கும் பழைய கண் மருந்தும் வேண்டாம். சில மருந்துகள் புண்ணை ஆழமாக்கிவிடும்.

பார்வை போனாலும் நாயைக் கைவிட வேண்டாம். சோற்றையும் தண்ணீரையும் எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு தொடுங்கள். மூக்கும் காதும் அதற்கு வழி காட்டும்.