வெங்காயத்தின் ஒன்றுவிட்ட தங்கை

கண்ணு, முதலில் ஒரு சின்ன வேலை. கொஞ்ச நாள் கூடையில் கிடந்த பெரிய வெங்காயம் ஒன்றை எடு. அம்மாவையோ அப்பாவையோ அதை உச்சியிலிருந்து அடிவரை நேராக நறுக்கித் தரச் சொல். கத்தியை நீ தொட வேண்டாம்.

இப்போது உற்றுப் பார். வெள்ளை அடுக்குகள், ஒன்றுக்குள் ஒன்று. நட்டநடுவில் வெளிர்பச்சையாக ஒரு முளை தெரிகிறதா? கண்டுபிடித்துவிட்டாயே, கெட்டிக்காரப் பிள்ளை!

அந்த அடுக்குகள் என்ன, வேரா? இல்லை. அவையும் இலைகள்தாம். உணவைச் சேர்த்துச் சேர்த்துத் தடித்துப்போன இலைகள். இப்படிப்பட்ட உருண்டைக்குக் குமிழம் என்று பெயர்.

இங்கிலாந்துத் தோட்டங்களில் நம் வெங்காயத்துக்கு ஓர் ஒன்றுவிட்ட தங்கை இருக்கிறாள். டாஃபடில் என்று பெயர். மஞ்சள் பூ, நடுவில் குட்டிக் குழல். தாவரவியலில் இருவரும் ஒரே குடும்பம். ஆனால் இவளுடைய குமிழத்தை வாயில் வைக்கவே கூடாது! அதில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. வெங்காயம் என்று நினைத்துத் தின்றுவிட்டு, வாந்தியும் வயிற்றுவலியுமாய்த் தவித்தவர்கள் உண்டு.

சாதாரண டாஃபடில் ஒரு முழம் வளரும். குட்டி டாஃபடில் ஒரு சாண்கூட இருக்காது. அவற்றில் பேர்போனது ‘டெட்-அ-டெட்’. உயரம் 15 முதல் 20 சென்டிமீட்டர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அலெக் கிரே என்பவர் 1940களில் உருவாக்கியது. ஒரே தண்டில் பெரும்பாலும் இரண்டு பூக்கள் பூக்கும். நீயும் உன் தோழியும் தலையோடு தலை சேர்த்து ரகசியம் பேசுவீர்களே, அதற்குப் பிரெஞ்சு மொழியில் இதுதான் சொல்!

குட்டியாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு. அங்கே மார்ச் மாதக் காற்று பலமாக வீசும். உயரமான பூக்கள் சாய்ந்துவிடும். குட்டிப் பூ தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்து நிற்கும். அதனால் தொட்டிக்கு இதுவே ஏற்றது என்பேன்.

சரி, எப்போது நடுவார்கள்? செப்டம்பர் முதல் நவம்பருக்குள். குளிர் வரப்போகும் நேரத்தில் யாராவது நடுவார்களா என்று கேட்கிறாயா? அருமையான கேள்வி!

உன் பள்ளியில் முதல் மணி அடித்ததும் எல்லோரும் வரிசையில் நிற்பீர்கள். அடுத்த மணி அடித்தால்தான் வகுப்புக்குள் போவீர்கள். டாஃபடிலுக்கு முதல் மணி குளிர். இரண்டாவது மணி இளவெயில். சுமார் 9 டிகிரிக்குக் கீழே, ஏறத்தாழ மூன்று மாதம் அது மண்ணுக்குள் குளிரில் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் சும்மா இருக்காது. வேர் விடும். தண்டு நீளத் தயாராகும். குளிர் போதாவிட்டால் தண்டு நீளாது. நூல் விடாத பட்டம் மேலே ஏறுமா? மொட்டும் அப்படித்தான் இலைகளுக்குள்ளேயே காய்ந்துபோகும். நம் சமவெளி ஊர்களில் இது பூக்காததற்கு இதுவே காரணம்.

நடுவது எளிது. குமிழத்தின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழக் குழி. கூர்முனை மேலே. பாத்தியில் இரண்டு குமிழ அகலம் இடைவெளி விடலாம். தொட்டியில் நெருக்கமாகவும் வைக்கலாம், ஒன்றையொன்று தொடாமல் இருந்தால் சரி. தொட்டியின் அடியில் துளை கட்டாயம். நீர் தேங்கினால் குமிழம் அழுகிவிடும். தொட்டியை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போர்த்தி வைக்காதே. அதற்கு வேண்டியதே குளிர்தான், மறந்துவிட்டாயா?

பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ பூ வரும். பூ வாடியதும் பலர் ஒரு தப்புச் செய்கிறார்கள். இலைகள் மஞ்சளாகித் தொங்குவது அழகாக இல்லை என்று வெட்டிவிடுகிறார்கள். சிலர் பின்னல்போல முடிச்சுப் போடுகிறார்கள். பார்த்தாலே எனக்கு வருத்தமாக இருக்கும். ஏன் தெரியுமா? அந்த இலைதான் சமையல்காரர்! வெயிலை வைத்து உணவு சமைத்துக் குமிழத்துக்குள் அனுப்பிக்கொண்டிருக்கிறது. குறைந்தது ஆறு வாரம் அதை விட்டுவைக்க வேண்டும். வாடிய பூவை மட்டும் கிள்ளிவிடலாம். அப்போதுதான் விதை செய்வதில் உணவு செலவாகாது.

ஜூலையில் அந்தத் தொட்டியைப் பார்த்தால் வெறும் மண்தான் தெரியும். காலி என்று நினைத்துக் கொட்டிவிடாதே, கண்ணு. வெங்காயத்தின் நடுவில் முளையைப் பார்த்தாயே, அதே இடத்தில், அடுத்த மார்ச்சில் பூக்கப்போகும் மொட்டு கடுகளவில் உருவாகிக்கொண்டிருக்கும்.