பொலிகாளைக்கு முன்கூட்டியே ஒரு பரிசோதனை

தகவல் துளி!

நியூசிலாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதி வீடுகளில் காலைக் காப்பிக்குப் பால் காய்ச்சும் நேயர்களே, பசு கன்று ஈன்றால்தான் பால் என்பதால், அந்தப் பாலுக்குப் பின்னால் பொலிகாளையின் பங்கும் உண்டு.

நியூசிலாந்துப் பால் பண்ணைகள் பலவற்றில் அக்டோபர் வாக்கில் இனச்சேர்க்கைப் பருவம் தொடங்கும். முதல் சில வாரங்கள் செயற்கைக் கருவூட்டல். அதிலும் சினைபிடிக்காத பசுக்களுக்காகக் காளைகளை மந்தையில் விடுவார்கள்.

காளை வாட்டசாட்டமாக இருந்தால் மட்டும் போதாது. விந்தணு உருவாகவே ஏறக்குறைய 60 நாள் ஆகும். குளிர்காலத்தில் வந்த கடும் காய்ச்சலின் பாதிப்பு வசந்தத்தில்தான் தெரியும். பசு ஒருமுறை சினை தவறினால், அடுத்த சினைப்பருவத்துக்குச் சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும்.

அதனால்தான் கால்நடை மருத்துவர் முன்கூட்டியே வருகிறார். காளையை நடக்கவிட்டுக் கால், குளம்பு பார்க்கிறார். விதைப்பையைச் சுற்றி நாடா பிடித்து அளக்கிறார். 2 வயது கடந்த காளைக்கு 34 செ.மீ. என்பது பரவலான அளவுகோல். வெதுவெதுப்பான கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விந்தை வைத்து, அணுக்களின் ஓட்டத்தை நுண்ணோக்கியில் கவனிக்கிறார். மாடுகளுக்கு வயிற்றுப்போக்கு நோய் தரும் பி.வி.டி. வைரஸுக்கு ரத்தப் பரிசோதனையும் தடுப்பூசியும் உண்டு.

பண்ணையில் வேலை பார்ப்பவர்களே, காளை வைத்திருப்பவர்களே, மந்தையில் விடுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். சினை தவறிய பிறகு வருந்திப் பயனில்லை.