மறதிநோய் மருந்துச் சோதனை: அன்றும் இன்றும்

சாப்பிட்டுக் கை கழுவிய பெரியவர், "எனக்கு இன்னும் சோறு போடலையே" என்று கேட்பார். "அப்பாருக்கு வயசாயிப் போச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டார் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் சேலம், நாமக்கல் ஊர்களில் அதை நோயாக நினைத்தவர்கள் குறைவு. ஆனால் நோய் இருந்தது. செங்கல்பட்டுப் பக்கம் திருப்போரூர் கிராமங்களில் நடந்து, 1996இல் வெளியான ஆய்வு, அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்கு மறதிநோய் இருப்பதைக் காட்டியது.

அதே 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோனெபெசில் மாத்திரை, அறிகுறிகளைக் கொஞ்சம் தணித்தது. நோயின் போக்கை மாற்றவில்லை. அடுத்து வந்த ஏஎன்-1792 தடுப்பூசி, மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தையே நீக்கப் பார்த்தது. சிலரிடம் மட்டும் நடந்த முதல் கட்டச் சோதனையைத் தாண்டியது. இரண்டாம் கட்டத்தில் ஊசி போட்டுக்கொண்ட சுமார் 300 பேரில் 18 பேருக்கு மூளையில் அழற்சி வந்தது. 2002இல் ஊசியை நிறுத்தினார்கள். சிறு குழுவில் தென்படாத ஆபத்து பெரிய குழுவில் தெரியவரும் என்பதால்தான் சோதனை கட்டம் கட்டமாக நகர்கிறது.

இன்று, அதே அமிலாய்டை நீக்க, அளந்து செலுத்தும் எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்துகள் வந்துவிட்டன. லெகனெமாப் மருந்தை, நோயின் தொடக்கநிலையில் இருந்த 1,795 பேரைச் சேர்த்துச் சோதித்தார்கள். பதினெட்டு மாதங்களில் சரிவின் வேகம் 27 விழுக்காடு குறைந்தது. மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ வருகிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணித்தார்கள்.

நம் நாட்டிலும் விதிகள் இறுகியிருக்கின்றன. 2009 முதல் ஒவ்வொரு மருந்துச் சோதனையையும் பதிவு செய்தாக வேண்டும். 2013இல், ஒப்புதல் பெறுவதை வீடியோவில் பதியும் நடைமுறையும் வந்தது. நினைவு நழுவிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் ஒப்புதல் கேட்கும்போது இந்தக் காவல் மிக அவசியம். புரிந்து முடிவெடுக்கும் தெளிவு அவரிடம் இருக்கும்போதே கேட்பதுதான் நியாயம்.

ஆனால் புது மருந்துகள் தேடுவது தொடக்கநிலை நோயாளிகளை. நம் பெரியவர்களோ வீட்டுக்கு வழி தெரியாமல் நின்ற பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். இத்தனைக்கும் சேலத்தில் 1986 முதலும் நாமக்கல்லில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது. அந்த இரு நோய்களும் மறதிநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுபவை. மாத்திரை தரும் அதே வாசலில் நினைவைப் பற்றியும் நாலு கேள்வி கேட்க வேண்டும். சிகிச்சையோ சோதனையோ, எதில் சேர்வதென்று பெரியவர் தானே முடிவெடுக்கும் காலம் அப்போதுதான் அவருக்குக் கிடைக்கும்.